காற்றுக்கும் ஓடுகிற மீட்டர்

சிறுவாணித் தண்ணீர் உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று கோயமுத்தூரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே இதைக் காதில் ஓதிவிடுகிறார்கள். இது தவறு. மிகுந்த மனவருத்தத்தோடும், நாட்டு நலன் கருதியும் இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. உலகத்து ஆறு, ஏரி, குளத்துத் தண்ணீரையெல்லாம் டம்ளரில் ஊற்றி வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகக் குடித்து மதிப்பெண் போட்ட ஆள் யார்? எந்த ஊர்? அத்தனையும் குடித்து முடித்த பிறகு அவருக்கு உடம்பு எப்படி இருந்தது? ஒரு தகவலும் இல்லை. சரி, சிறுவாணி இரண்டாவது என்றால் முதலாவது எது என்று கேட்டுப் பாருங்கள். அடித்துப் பேசுகிற அதே ஆட்கள் ஆகாயத்தைப் பார்ப்பார்கள்.

இந்தக் கேள்வியை எழுப்பித் தெருவைத் திடுக்கிட வைத்தவர் சீனிவாசலு. எழுப்பிய இடம், அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மருதாசலத்தின் பேக்கரி. தீர்ப்பையும் அவரே சொல்லிவிட்டார்.

"சிறுவாணி ரெண்டாவது இல்லீங்க. போட்டியே நடக்கல. நடந்திருந்தா மொதலாவது."

மருதாசலம் தேங்காய் பன் வெட்டுவதை நிறுத்தினார். "அப்ப இத்தன வருசமா நம்முளை ஏமாத்திப்போட்டாங்களாங்க?"

"ஏமாத்தறது அவுங்க வேலைங்க. ஏமாறாம இருக்கறது நம்ம வேலை."

ஏமாறாமல் இருப்பதை சீனிவாசலு முழு நேரத் தொழிலாகச் செய்து வந்தார். அதற்கு முன்பு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் நடத்தினார். இரும்பைத் தலைமுடி அளவுக்கு அராவச் சொல்லிக் கொடுத்தே காலம் கழித்தவருக்கு, ஓய்வு பெற்று வெளியே வந்து பார்த்தால் உலகத்தில் எதுவும் சரியான அளவில் இல்லை. அவர் மீசை மட்டும்தான் அளவாக இருந்தது. இரண்டு பக்கமும் அராவி எடுத்ததுபோல் சமமான மீசை. வெர்னியர் காலிப்பர் வைத்துப் பார்த்தாலும் தேறும்.

வானிலை அறிக்கையை அவர் நம்புவதில்லை. "மழை நாப்பது சதவீதம் வருமாம். வந்தாலும் அவுங்க சொன்னது சரி, வராட்டியும் சரி. இப்பிடி ஒரு உத்தியோகம் இருக்குதுன்னு முன்னாடியே தெரியாமப் போச்சு" என்பார். சத்தமில்லாமல் போகும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரையும், சத்தமில்லாமல் வந்து நிற்கும் மாமனாரையும் ஒரே பட்டியலில் வைத்திருந்தார். பெங்களூரில் இருக்கும் மகன் நவநீத், செயற்கை நுண்ணறிவிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றபோது, "நம்மூட்டு மோட்டார் ஏன் தண்ணி எடுக்கலைன்னு கேளு பாப்போம்" என்றார். அது பதினோரு காரணங்கள் சொன்னது. அது சொல்லாத பன்னிரண்டாவது காரணம்தான் சரி. சுவிட்ச் போடவில்லை.

பென்ஷன் விஷயத்தில் அவருக்கு உச்சகட்டக் கோபம். உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் நிரூபிக்க வேண்டும். இப்போதெல்லாம் போனில் முகத்தைக் காட்டினாலே போதுமாம். சீனிவாசலு காட்ட மறுத்துவிட்டார்.

"என்ற கிட்டப் படிச்ச பசங்களே ரோட்டுல பாத்தா என்னைய அடையாளம் தெரியாத மாதிரி போறானுங்க. ஒரு போனுக்கு எப்பிடித் தெரியும்? மனுசனை மனுசந்தான் அடையாளம் கண்டுபிடிக்கோணும்."

அதனால் ஒவ்வொரு வருஷமும் பஸ் ஏறி அலுவலகத்துக்கே போய், நாற்காலியில் இருக்கும் மனிதரிடம் நேரில் உயிரோடு இருந்துவிட்டு வருவார்.

இப்படிப்பட்டவர் தெருவுக்குத்தான் தண்ணீர் மீட்டர் வந்தது.

புதுக் குழாய் போட்டாயிற்று. இனி நாள் முழுக்கத் தண்ணீர் வரும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஸ்மார்ட் மீட்டர் மாட்ட வேண்டும் என்று சொன்னார்கள். தெருவே சரி என்றது. சீனிவாசலு மட்டும் பேக்கரியில் எழுந்து நின்றார்.

"மீட்டருக்குள்ள ஒரு சக்கரம் இருக்குதுங்க. அதுக்குத் தண்ணியும் ஒண்ணு, காத்தும் ஒண்ணு. கொழாயில தண்ணிக்கு முன்னாடி காத்துத்தான் வரும். காத்துக்கும் சக்கரம் சுத்தும். ஆக, கோயமுத்தூர்க்காரன் இனிமே மூச்சு விடறதுக்கும் பில்லு கட்டோணும்!"

"அப்ப என்ன பண்ணறதா இருக்கறீங்க வாத்தியாரே?" என்று தூண்டிவிட்டார் பக்கத்து வீட்டு அமீர் ஹம்சா. கோட்டைமேட்டில் இருந்த பாத்திரக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு இந்தத் தெருவுக்குக் குடிவந்தவர். கடையில் பாத்திரத்தைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுப் பழகியவர், இப்போது சீனிவாசலுவைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ற கேட்டுக்குள்ள அந்த மீட்டர் வந்துதுன்னா, இந்த மீசையை வழிச்சுப்போடறேன்!"

மிக்சர் வாங்க வந்தவர்கூட மிக்சரை மறந்தார்.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் மருதாசலம்.

"யோசிச்சாச்சுங்க."

"நான் சாட்சி" என்றார் அமீர் ஹம்சா, மிகுந்த திருப்தியோடு.

செய்தி, சீனிவாசலுவுக்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அமீர் ஹம்சாவின் மனைவி உம்மல் குல்சும் மதில் வழியாகச் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் பேசுவது தெலுங்கு. கணவரோடு சண்டை போடும்போது மட்டும் ரங்கநாயகி தமிழுக்கு மாறிவிடுவார், தெருவுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக. சண்டை முடியும்வரை தெலுங்குக்குத் திரும்பமாட்டார். இப்போதும் தமிழில்தான் ஆரம்பித்தார்.

"ஏனுங்க, மீட்டர் வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்களாமா?"

"ஆமா."

"மீட்டர் இல்லீன்னா நாள் முழுக்கத் தண்ணி இல்லீங்களாமா."

"வேண்டாம். இத்தன வருசம் எப்பிடி இருந்தமோ அப்பிடியே இருப்போம்."

இத்தனை வருஷம் எப்படி இருந்தோம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வரும். சில வாரம் அதுவும் வராது. எப்போது வரும் என்பது தண்ணீருக்கே தெரியாது. வந்தால் குடம், அண்டா, டிரம், பால் குண்டா, பிரஷர் குக்கர் எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். நிரப்புவது ரங்கநாயகி. ஆகவே குழாயில் கட்டிப்போட்ட மாதிரி வீட்டிலேயே இருப்பதும் ரங்கநாயகி. காங்கேயத்தில் தங்கை வீடு கட்டிப் புதுமனை புகுந்தார். ரங்கநாயகி குடம் பிடித்துக்கொண்டிருந்தார். தங்கை மகள் தேஜஸ்ரீக்குக் கல்யாணம் நடந்தது. ரங்கநாயகி முகூர்த்தத்துக்குப் போய் நின்றுவிட்டு, பந்தியில் உட்காராமல் பஸ் ஏறி வந்தார். இப்போது அதே தேஜஸ்ரீக்கு வளைகாப்பு.

"வளைகாப்புக்கு நாலு நாள் முன்னாடியே போகோணும்னு இருக்கறனுங்க."

"போ. யாரு வேண்டாங்கறா? தண்ணி நான் புடிக்கறேன்."

ரங்கநாயகி அவரையே பார்த்தார். ஒரே ஒரு தடவை அந்தப் பொறுப்பை அவரிடம் விட்டுப் பார்த்திருக்கிறார். தண்ணீர் வந்து, ஓடி, நின்றும் போனது. அந்த நேரம் முழுவதும் சீனிவாசலு வாசலில் நின்று, நாட்டின் நீர்க் கொள்கையில் உள்ள குறைபாடுகளை அமீர் ஹம்சாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் குடித்தது அமீர் ஹம்சா வீட்டுத் தண்ணீர்.

"என்ன பாக்கற?"

"ஒண்ணுமில்லீங்க" என்று ரங்கநாயகி உள்ளே போய்விட்டார். இது சாதாரண விஷயமில்லை. வழக்கமாக அவர் மூன்று சுற்றுப் பேசிவிட்டுத்தான் உள்ளே போவார். சீனிவாசலு இதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கேட்டில் அட்டை தொங்கியது. எதிர்ப்பு என்றாலும் கோயமுத்தூர் எதிர்ப்பு. அதனால் இப்படி இருந்தது:

'இந்த வீட்டில் மீட்டர் பொருத்த அனுமதி இல்லை. தயவுசெய்து வேறு வீட்டுக்குப் போகவும். சிரமத்துக்கு மன்னிக்கவும். நன்றி. வணக்கம்.'

அட்டைக்குப் பின்னால், கேட்டுக்கு உள்ளே, பிளாஸ்டிக் நாற்காலியில் சீனிவாசலு. மீட்டர் மாட்டும் நஞ்சுண்டன் பையும் ஸ்பானருமாக வந்து, அட்டையை முழுவதும் படித்துவிட்டு, செருப்பைக் கழற்றினார்.

"வணக்கமுங்க சார். மீட்டர் மாட்ட வந்துருக்கறனுங்க."

"மாட்ட உடமாட்டனுங்க."

"சரிங்க" என்று நஞ்சுண்டன் திரும்பினார்.

சீனிவாசலு பதறிப்போனார். எதிரி இவ்வளவு சீக்கிரம் பின்வாங்கினால் ராத்திரியெல்லாம் தயார் செய்த வாதங்களை யாரிடம் சொல்வது?

"நில்லுங்க. ஏன்னு கேக்கமாட்டீங்களா?"

"ஏனுங்க?"

"உக்காருங்க, சொல்றேன்."

சொன்னார். காற்றின் குணம், நீரின் குணம், சக்கரத்தின் குணம், அரசாங்கத்தின் குணம் என்று வரிசையாகச் சொன்னார். நடுவில் ரங்கநாயகி நஞ்சுண்டனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். மோர் குடித்தவரை விரட்ட முடியாது. கொஞ்ச நேரம் இருக்கச் சொல்வதுதான் மரியாதை. அதனால் சீனிவாசலு இன்னொரு முறையும் சொன்னார். கடைசியில் நஞ்சுண்டன் எழுந்து, "அப்ப போயிட்டு வாரனுங்க" என்றார்.

"போயிட்டு வாங்க" என்றார் சீனிவாசலு. வாசலில் ஒருவரைப் பார்த்து வெறுமனே போ என்று சொல்ல அந்த மண்ணில் யாருக்கும் நாக்கு வராது.

அவர் போனார். அடுத்த தெரு முடித்துவிட்டு வந்தார். மீண்டும் மோர், மீண்டும் காற்றின் குணம். இப்படியே சில நாள் நடந்தது. தெருவில் மற்ற எல்லா வீட்டிலும் மீட்டர் ஏறிவிட்டது. வால்வைத் திறந்து தண்ணீர் விட வேண்டிய வேலை மட்டும்தான் பாக்கி. சீனிவாசலு வீட்டுக்கு வரும் குழாய் மட்டும் கேட்டுக்கு வெளியே வாய்க்கு மூடி போட்டுக்கொண்டு மண்ணில் நின்றது.

அன்று சாயங்காலம் ரங்கநாயகி தோசை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க, அந்த மீட்டரு மெய்யாலுமே காத்துக்கு ஓடுமுங்களா?"

சீனிவாசலுவுக்கு உச்சி குளிர்ந்தது. வீட்டுக்குள் முதல் முறையாக ஒரு மாணவர்.

"பின்னே? ஓடும்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கோணும்னு என்ன? பௌதிகம்."

"இல்லீங்க, குல்சும் அக்கா கேட்டாங்க. 'உங்கூட்டுக்காரரு மீட்டரைத் தொட்டுக்கூடப் பாக்காம இப்பிடிப் பேசறாரே'ன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

தோசை திரும்பியது.

"பாலுல தண்ணி கலக்கறான்னு நான் சொன்னப்ப, அளந்து பாக்காமப் பேசாதேன்னு எனக்கு அளக்கற கருவி வாங்கிக் குடுத்தீங்க. ஞாபகம் இருக்குதுங்களா? அன்னைக்குச் சொன்னீங்க. 'சோதிச்சுப் பாக்காம ஒருத்தன் பேசறான்னா, அவனுக்கும் ஜோசியக்காரனுக்கும் வித்தியாசம் இல்லை'ன்னு."

சீனிவாசலு மெல்வதை நிறுத்தினார். தோசையை எதிரிகள் யாரும் இப்படிப் பயன்படுத்தியதில்லை.

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்லீங்க. ஊரே பாக்கற மாதிரி ஒருக்கா சோதிச்சுக் காட்டிப்போட்டா, அப்பறம் ஒருத்தரும் வாயைத் தொறக்கமாட்டாங்க. தண்ணி உடறப்ப மொதல்ல காத்துத்தான வரும்? அன்னைக்கு ஒரு நாள் பாத்தாப் போதும். அதுக்கு மேல உங்க இஷ்டமுங்க. சட்னி வெக்கட்டுங்களா?"

சட்னி வைத்தார். சீனிவாசலு சட்னியைத் தொடவில்லை. கண் எதிரே தெருவே கூடி நிற்கிறது. முள் சுற்றுகிறது. அமீர் ஹம்சா வாயடைத்துப் போகிறார். மருதாசலம் பன்னும் கையுமாக நிற்கிறார்...

மறுநாள் காலையில் நஞ்சுண்டனை அவரே தேடிப் போனார். தெருமுனையில் பிடித்துவிட்டார்.

"ஒரு மீட்டர் குடுங்க."

நஞ்சுண்டன் பையைக் கீழே வைத்தார். "சார், நீங்களுங்களா?"

"சோதனைக்கு. அறிவியல் சோதனை."

"கையில குடுக்க முடியாதுங்க சார். மாட்டித்தான் ஆகோணும். மாட்டிப் போட்டோ எடுத்து, இந்தப் போன்ல கையெழுத்து வாங்கோணுங்க."

அறிவியலுக்காக மனிதர்கள் தீயில் இறங்கியிருக்கிறார்கள். சீனிவாசலு போனில் விரலால் கையெழுத்துப் போட்டார். மழைக்கு வெளியே வந்த மண்புழு மாதிரி இருந்தது. போன் ஏற்றுக்கொண்டது. "இதைப் பாரு, இதுக்குப் பேரு கையெழுத்தாம்" என்று அந்த நிலையிலும் ஒரு கண்டனத்தைப் பதிவு செய்தார்.

நஞ்சுண்டன் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார். மதிலை ஒட்டிக் குழி எடுத்து, குழாயை உள்ளே இழுத்துக்கொண்டு, மரையில் வெள்ளை டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார். நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்த சீனிவாசலு துள்ளி எழுந்தார்.

"நிறுத்துங்க! டேப்பை எந்தப் பக்கமுங்க சுத்தறீங்க?"

"இந்தப் பக்கமுங்க."

"மரை ஏறுற பக்கமா சுத்தோணுமுங்க! இப்பிடிச் சுத்துனா நட்டை முடுக்கறப்ப டேப் உரிஞ்சுட்டு வரும். நாளைக்கு ஒழுகும். ஒழுகுனா சோதனை கெட்டுப்போகும். ஐ.டி.ஐ.யில மொத வாரப் பாடமுங்க இது!"

"அப்பிடிங்களா?" என்று நஞ்சுண்டன் டேப்பை இன்னும் கொஞ்சம் தப்பாகச் சுற்றினார்.

சீனிவாசலுவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அரசாங்கத்தை அவரால் தாங்க முடியும். தப்பான ஜாயின்ட்டை முடியாது. "இங்க குடுங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். டேப்பைப் பிரித்தார். மரையைத் துணியால் துடைத்தார். ஊதினார். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். புது டேப்பைச் சரியான பக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறுமாறு சுற்றி, மீட்டரைப் பொருத்தி, மட்டம் பார்த்து, நட்டை முடுக்கினார். ஓய்வு பெற்ற பிறகு அவர் கை இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ஸ்பானரைக் கீழே வைத்தபோது மூச்சு வாங்கியது, முகம் மலர்ந்திருந்தது.

"சார், எத்தனையோ ஊட்டுல மாட்டியிருக்கறேன். இப்பிடி ஒரு ஜாயின்ட்டைப் பாத்ததில்லீங்க" என்றார் நஞ்சுண்டன், உண்மையாகவே.

ரங்கநாயகி சமையலறை ஜன்னலில் நின்று கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

வால்வு திறக்கும் நாளன்று சீனிவாசலு தெருவையே அழைத்துவிட்டார். மருதாசலம் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு வந்தார். அமீர் ஹம்சா தம்பதி மதில் ஓரம் நின்றார்கள். சீனிவாசலு குழாயைத் திறந்து வைத்துவிட்டு, மீட்டரின் கண்ணாடிக்கு அருகே குனிந்தார்.

"எல்லாரும் இந்தச் சிவப்பு முள்ளை மட்டும் பாருங்க. குழாயில சொட்டுத் தண்ணி இல்லை. நல்லாப் பாத்துக்குங்க. அப்பறம் பாக்கலைன்னு சொல்லக்கூடாது."

தெருமுனையில் நஞ்சுண்டன் வால்வைத் திருகினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு குழாய் செருமியது. அதன்பின் 'ஸ்ஸ்ஸ்' என்று சீறியது. வெறும் காற்று. சிவப்பு முள் துடித்தது, அசைந்தது, சுற்ற ஆரம்பித்தது.

"ஓடுது!" என்று கத்தினார் அமீர் ஹம்சா, தன்னை மறந்து. "வாத்தியாரே, காத்துக்கு ஓடுது!"

"ஓடுதுங்க!" என்றார் மருதாசலம்.

சீனிவாசலு நிமிர்ந்து நின்றார். முதுகெலும்பு புதிதாக நட்ட குழாய் மாதிரி நேராக இருந்தது. "சொன்னனா இல்லையா? இந்தத் தெருவுல ஒருத்தன் சொன்னானா இல்லையா? பௌதிகத்தை ஏமாத்த முடியாதுங்க! காத்துக்கும் ஓடுது! கண்ணுக்கு முன்னாடி ஓடுது!"

திரும்பி வந்திருந்த நஞ்சுண்டன், "அது புதுக் கொழாய்ல நின்ன காத்துங்க சார். மொத நாள் மட்டுந்தான். தண்ணி நிக்காம இருந்தா..." என்று ஏதோ சொல்ல வந்தார். கைதட்டலில் அது கேட்கவில்லை. அமீர் ஹம்சா சீனிவாசலுவின் தோளைக் கட்டிக்கொண்டார். சீறிய குழாய் இருமிற்று. முதலில் செம்மண் நிறத்தில், பிறகு தெளிவாக, தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. ரங்கநாயகி ஒரு குண்டாவைக் கொண்டுவந்து கீழே வைத்தார். நிரம்பியது. எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கைதட்டல் ஓய்ந்தது. அமீர் ஹம்சா மீட்டரைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். மீட்டருக்கும் கேட்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு மெதுவாக சீனிவாசலுவின் மூக்குக்குக் கீழே பார்த்தார். மருதாசலமும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மல் குல்சும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாத்தியாரே" என்றார் அமீர் ஹம்சா, மிக மென்மையாக, "மீட்டரு கேட்டுக்கு உள்ளாற இருக்குதுங்களே."

சீனிவாசலு மீட்டரைப் பார்த்தார். அது மட்டமாக, நேர்த்தியாக, ஒரு சொட்டு ஒழுகாமல் உட்கார்ந்திருந்தது.

"அது... அது சோதனைக்கு வந்ததுங்க. நான் சொன்னது அவுங்க கொண்டாந்து மாட்டுனா. இதை மாட்டுனது நான்."

ரங்கநாயகி வாசலுக்கு வந்திருந்தார். "அப்ப பாதி மீசை எடுத்தாப் போதுமுங்களா? பாய் அண்ணனைத்தான் கேக்கோணும். சாட்சி அவுருதான?"

"பாதி நல்லா இருக்காதும்மா" என்றார் அமீர் ஹம்சா, பொறுப்போடு.

சீனிவாசலு ஸ்பானரை எடுத்தார். "இப்பவே கழட்டறேன். கழட்டி வீதியில வெச்சுட்டா ஆச்சு."

"கழட்டுங்க" என்றார் ரங்கநாயகி. "ஆரு வேண்டாங்கறா?"

சீனிவாசலு குழிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஸ்பானரை நட்டில் பொருத்தினார். டேப்பின் வெள்ளை விளிம்பு ஒரு நூல் போல, ஒரே சீராகத் தெரிந்தது. அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஸ்பானரை எடுத்து, அதன் நுனியால் மீட்டரின் மேல் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, எழுந்துவிட்டார்.

ஆட்கள் கலைந்த பிறகு கேட்டருகே நின்றுகொண்டிருந்தவரிடம் ரங்கநாயகி வந்தார்.

"இருந்தாலும் ஒண்ணு ஒத்துக்கோணும், ரங்கா" என்றார் சீனிவாசலு. "காத்துக்கு ஓடுனது ஓடுனதுதான்."

"அது ஓடுமுங்க. நீங்க சொன்னா நெசமாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியுமே. அதனாலதான சோதிக்கச் சொன்னேன்."

"அப்ப உனக்கு... அந்த மீசை விஷயமும்..."

"அதுவுந் தெரியுமுங்க. வேற ஆராச்சும் மாட்டியிருந்தா நீங்க மறுநாளே கழட்டி வீசியிருப்பீங்க. உங்க கையால முடுக்குன நட்டை நீங்க கழட்டுனதா சரித்திரமே இல்லீங்களே."

சீனிவாசலு யோசித்தார். அவர் முகத்தில் ஒரு சந்தேகம் மெல்ல ஏறியது. தெரு முழுக்க மீட்டர் மாட்டிய ஒரு ஆள், மரையில் டேப்பை...

"நஞ்சுண்டனுக்கு டேப் சுத்தத் தெரியாதுன்னா நெனச்சீங்க?" என்றார் ரங்கநாயகி. "பாவம், தப்பாச் சுத்தறதுக்கு அவுருக்கு மனசே வரல. மூணு டம்ளர் மோர் குடுத்து ஒத்துக்க வெச்சேன். உள்ள வாங்க. ஷேவிங் பண்ண வெந்நி வெச்சிருக்கேன். புதுக் கொழாய்த் தண்ணிதானுங்க."

மீசை போன பிறகும் சீனிவாசலு பணிந்துவிடவில்லை. பழைய அட்டையை எடுத்துவிட்டு, மீட்டருக்கு மேலேயே புது அட்டை தொங்கவிட்டார். 'இந்த மீட்டர் காற்றுக்கும் ஓடும். சோதனை செய்து நிரூபிக்கப்பட்டது. சந்தேகம் உள்ளவர்கள் கேட்டைத் தட்டவும். நன்றி. வணக்கம்.' யாரும் தட்டவில்லை. பேக்கரியில் தன் கட்சியை முன்னைவிடச் சத்தமாகப் பேசினார். மேலுதட்டில் காற்றுப் படும்போது மட்டும் பேச்சு கொஞ்சம் தடுமாறும்.

ரங்கநாயகி வளைகாப்புக்கு நான்கு நாள் முன்பே காங்கேயம் பஸ் ஏறிவிட்டார். போகும்போது குழாயைத் திறந்து, கையில் தண்ணீரை வாங்கி, முகம் கழுவி, மூடிவிட்டுப் போனார். குடம் எதுவும் நிரப்பவில்லை.

அன்று மாலை நவநீத் வீடியோவில் அழைத்தான். சீனிவாசலு போனை எடுத்தார். மகன் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "அங்கிள், அப்பா இல்லீங்களா?" என்றான்.

பென்ஷன் நேர்காணலுக்குப் போன இடத்தில், நாற்காலியில் இருந்தவர் புத்தகத்தில் ஒட்டிய படத்தையும் எதிரே நின்ற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, மிக மரியாதையாக, தெரிந்தவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டார்.

அடுத்த வாரம் ரங்கநாயகி சொல்லி, போனில் முகம் பார்த்து உயிர்ச் சான்று எடுக்கும் தபால்காரர் வீட்டுக்கே வந்தார். மோர் குடித்தார். போனை எடுத்து சீனிவாசலுவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். முதல் தடவையிலேயே திரையில் பச்சை விளக்கு எரிந்தது.